நல்ல வானம் எங்கே கிடைக்கும்? புதுச்சேரி முதல் காவலூர் வரை ஒரு 250 ஆண்டுத் தேடல்

நம் குடியிருப்பில் ஜாதகம் இல்லாத வீடு குறைவு. ரோகிணி, திருவாதிரை, மகம், சுவாதி, கேட்டை என்று பிறந்த நட்சத்திரத்தைச் சொல்லாமல் கோயிலில் அர்ச்சனைகூடச் செய்வதில்லை. ஆனால் அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இருக்காது. மொட்டை மாடியில் போய்த் தேடினாலும் நான்கைந்து புள்ளிகளுக்கு மேல் தெரிவதில்லை. “நட்சத்திரம் நல்லா தெரியுற இடம் நம்ம பக்கத்துல எங்க இருக்கு?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தொலைநோக்கியோடு வந்த விஞ்ஞானிகளும் இதே கேள்வியை நம் தமிழ்நாட்டில் 250 ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள். கடற்கரையில் தொடங்கி, நகரத்துக்கு வந்து, உயர்ந்த மலைக்கு ஏறி, கடைசியில் நம் கல்வராயனுக்குப் பக்கத்து மலையில் அவர்களுக்கு விடை கிடைத்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், நாம் எங்கே போய் வானம் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

புதுச்சேரி: மேகம் கற்பித்த பாடம்

முதல் கதை நம் ஊரிலிருந்து கிழக்கே, புதுச்சேரியில் நடந்தது. சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் ஒரு சிறு கரும்புள்ளியாகக் கடந்து போகும் நிகழ்ச்சியை வெள்ளி இடைநகர்வு என்பார்கள். அதை உலகின் பல மூலைகளிலிருந்து பார்த்து நேரம் குறித்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். 1761, 1769 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அந்த வாய்ப்பு வந்தது. அதை விட்டால் அடுத்தது 1874இல்தான்.

இதற்காக பிரான்சிலிருந்து புறப்பட்டவர் லெ ஜான்ட்டி என்ற வானியலாளர். அவர் வந்து சேருவதற்குள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள். 1761இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்றிருந்தார். துல்லியமாக எதையும் அளக்க முடியவில்லை. ஊர் திரும்பாமல் இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கிவிட்டார். அடுத்த வாய்ப்புக்காக மணிலாவுக்குப் போனார். பிறகு அங்கிருந்து கிளம்பி, 1768இல் மறுபடி பிரெஞ்சுக்காரர் வசம் வந்திருந்த புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைக்குள் கண்காணிப்பு நிலையம் அமைத்தார்.

1769 ஜூன் 4 விடியற்காலை. அதுவரை பல நாட்கள் காலை வானம் தெளிவாகவே இருந்தது. அன்று மட்டும் மேகம் சூழ்ந்தது. இடைநகர்வு முடிந்த பிறகுதான் சூரியன் வெளியே வந்தான். அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவு! பதினோரு ஆண்டுகள் கழித்து பிரான்சுக்குத் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டார் என்று கருதி உறவினர்கள் சொத்தைப் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனால் புதுச்சேரியில் அவர் வெறுங்கையோடு இருக்கவில்லை. கிரகணம் கணிக்கத் தெரிந்த ஒரு தமிழரிடம் நம்மூர் முறையைக் கற்றுக்கொண்டார். எழுதிப் பார்க்காமல், சோழிகளை வைத்தும் மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டும் போடும் கணக்கு அது. 1765 ஆகஸ்ட் 30இல் நடந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அந்த முறையில் கணித்தபோது 41 விநாடிதான் குறைந்தது. அன்று ஐரோப்பாவில் மிகச் சிறந்தவையாகக் கருதப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 விநாடி கூட்டிக் காட்டின.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், பார்க்க வேண்டிய நேரத்தில் மேகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல வானத்துக்கு முதல் நிபந்தனை மேகமற்ற பருவம்.

சென்னை: நேரத்துக்காக ஒரு கண்காணிப்பகம்

அடுத்த இடம் சென்னை. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி, எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு சிறு கண்காணிப்பகம் வைத்தார். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் கட்டியது. அதன் பின்னால் இருந்தவர் மைக்கேல் டாப்பிங். இயற்கைத் துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரையில் கப்பல்கள் அடிக்கடி சேதமடைந்தன. கரையின் சரியான வரைபடம் வேண்டும், கப்பலுக்குச் சரியான நேரம் வேண்டும். அதற்கு நட்சத்திரங்களை அளக்க வேண்டும். சென்னையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கோட்டையும் கப்பலும்தான். வானத்தின் தரத்தை யாரும் யோசிக்கவில்லை.

ஆனாலும் அங்கே பெரிய வேலைகள் நடந்தன. தாமஸ் டெய்லர் 1844இல் சுமார் 11,000 நட்சத்திரங்களின் இடங்களைக் குறித்த பட்டியலை வெளியிட்டார். நார்மன் போக்சன் 1861இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஏசியா’ என்றே பெயர் வைத்தார்.

அவரிடம் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, நுங்கம்பாக்கத்தில் தொலைநோக்கியில் கண் வைத்தவர். 1867இல், ரெட்டிகுலம் என்ற தென்வான விண்மீன் கூட்டத்தில் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது சென்னையில் தெற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் 14 பாகைதான் ஏறும். இன்று நுங்கம்பாக்கத்தில் அந்த உயரத்தில் அடுக்குமாடிகளும் அவற்றின் வெளிச்சமும்தான் நிற்கின்றன. அந்தக் கண்காணிப்பகத்தின் தொடக்கத்தை அறிவிக்கும் கல்வெட்டோடு கருங்கல் தூண் ஒன்று நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

கொடைக்கானல்: உயரம் மட்டும் போதவில்லை

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று அப்போது பலர் நம்பினார்கள். சூரியனைத் தினமும் தெளிவாகப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை வலுத்தது. மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். கொடைக்கானல் தேர்வானது. 1895இல் அடிக்கல் நாட்டினார்கள். புதிய நூற்றாண்டு பிறந்தபோது அங்கே வேலை தொடங்கியது.

கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் உயரம். சமவெளியின் தூசியும் வெப்பக் கானலும் கீழே நின்றுவிடும். 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டுபிடித்தார். நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த சூரியப் படங்கள் இன்றும் கொடைக்கானலின் பெருமை.

ஆனால் கோடை விடுமுறைக்கு அங்கே போனவர்களுக்குத் தெரியும்: மதியத்துக்குப் பிறகு மேகம் ஏறிவரும், மூடுபனி இறங்கும். காலை வெயிலில் சூரியனைப் பார்க்க அது போதும். இரவு முழுவதும் மங்கலான நட்சத்திரத்தைத் தொடர வேண்டும் என்றால் போதாது. உயரமான மலையெல்லாம் நல்ல வானம் தரும் என்று நாம் நினைப்பது பாதிதான் உண்மை.

காவலூர்: நம் பக்கத்து மலை

1960இல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்தார் வேணு பாப்பு. நட்சத்திரங்களுக்கென்றே ஓர் இடம் வேண்டும் என்று தென்னிந்தியக் குன்றுகளில் தேடினார். மூன்று விஷயங்களைப் பார்த்தார். ஆண்டில் கணிசமான இரவுகள் மேகமின்றி இருக்க வேண்டும். பக்கத்தில் பெரிய ஊர்களின் வெளிச்சம் இருக்கக் கூடாது. நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் நமக்கும் பொருந்தும். லண்டனில் இருப்பவருக்குத் தென் வானத்தின் பெரும்பகுதி வாழ்நாள் முழுவதும் தெரியாது. நாம் அகத்தியர் என்று சொல்லும் பிரகாசமான நட்சத்திரம் அங்கே உதிப்பதே இல்லை. நம் கள்ளக்குறிச்சி ஏறக்குறைய 11.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 12 பாகை உயரத்தில் நிற்கும். சித்திரை, வைகாசி முன்னிரவில் தெற்கே தென் சிலுவை 18 பாகை வரை ஏறும். இரு திசை வானமும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கிறது.

பாப்பு தேர்ந்தெடுத்தது ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். ஆலங்காயத்தை ஒட்டிய காட்டுப் பகுதி. இன்று திருப்பத்தூர் மாவட்டம். 1960களின் இறுதியில் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியிலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, மறைப்புக்கு முன்பே அந்த நட்சத்திரத்தின் ஒளி மங்கியதைக் காவலூர் பதிவு செய்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அந்த நிகழ்ச்சியில்தான் உலகுக்குத் தெரிந்தது. 1982இல் பாப்பு காலமானார். அவர் திட்டமிட்ட, இந்தியாவிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதற்கும் அந்தக் கண்காணிப்பகத்துக்கும் பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. 1988இல் காவலூரிலிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

காவலூரின் உயரம் சுமார் 725 மீட்டர்தான். கொடைக்கானலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கல்வராயனின் பல பகுதிகள் அந்த உயரத்தை எட்டுபவை, சில இடங்கள் அதைத் தாண்டுபவை. இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலைகள். இடையில் தென்பெண்ணை ஓடுகிறது. நேர்கோட்டில் அளந்தால் காவலூருக்கும் வெள்ளிமலைக்கும் 100 கிலோமீட்டர்கூட வராது. நிலநடுக்கோட்டுக்கு நாம்தான் இன்னும் கொஞ்சம் நெருக்கம். விஞ்ஞானிகள் தேடி அலைந்த வானத்துக்குச் சொந்தமான பகுதியில்தான் நாம் குடியிருக்கிறோம்.

நமக்கான இடமும் நேரமும்

பருவம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை முதல் பங்குனி வரை நம் பகுதிக்கு நல்ல காலம். ஆடி, ஆவணியில் மேகமும் மாலை இடிமழையும் குறுக்கிடும். ஐப்பசி, கார்த்திகையைச் சொல்லவே வேண்டாம்.

நிலா: அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாட்கள் ஏற்றவை. முழு நிலவில் எந்த மலைக்குப் போனாலும் மங்கலான நட்சத்திரங்கள் தெரியாது. மாசி அமாவாசையை ஒட்டி நம் பக்கத்து அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளைத் திருவிழா. ஊரெல்லாம் சீரியல் விளக்கு இருக்கும். அதனால் தை அமாவாசையும் பங்குனி அமாவாசையும் வசதி.

இடம்: முதல் படியாக கச்சிராயபாளையம் பக்கம், கோமுகி அணையை ஒட்டிய மலையடிவாரம். நகரின் வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு மலைப் பக்கம் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அடுத்தது மேலே வெள்ளிமலை சுற்று வட்டாரம். மலையில் நிற்கும்போது கள்ளக்குறிச்சியின் வெளிச்சம் கிழக்கு அடிவானத்தோடு நின்றுவிடும். தலைக்கு மேலேயும் தெற்கேயும் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் இரவில் நுழையக் கூடாது. பகலிலேயே மலை ஏறி, குடியிருப்புப் பகுதியில் அனுமதி கேட்டுத் தங்குவதுதான் முறை. கொண்டை ஊசி வளைவுகளில் இரவுப் பயணம் வேண்டாம். காவலூரையும் ஒரு முறை பார்த்து வரலாம். பொதுமக்களுக்கென்று நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கண்: இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். ஒருவர் செல்போன் திரையைத் திறந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளிச்சம் தேவைப்பட்டால் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். தொலைநோக்கி வாங்க வேண்டியதில்லை. பாயும் போர்வையும் போதும்.

தை அமாவாசை இரவு 9 மணிக்குப் பார்த்தால், ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே செம்மையாக மின்னுவது திருவாதிரை. அதற்குச் சற்று மேற்கே ரோகிணி. அதையும் தாண்டி, சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. தெற்கே தாழ்வாக, தனியாகப் பிரகாசிப்பது அகத்தியர். கிழக்கே மேலேறி வருவது மகம். ஜாதகத்தில் இருந்த பெயர்களை ஒரே இரவில் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

இருட்டு மட்டும் நம் கையில்

மேகத்தை நம்மால் விலக்க முடியாது. மலையை உயர்த்த முடியாது. அட்சரேகையை மாற்ற முடியாது. நல்ல வானத்துக்கான நிபந்தனைகளில் மனிதரால் கெடுக்கக் கூடியதும், மனிதரால் சரிசெய்யக் கூடியதும் இருட்டு ஒன்றுதான். காவலூரைச் சுற்றி இன்று ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர் எல்லாம் வளர்ந்துவிட்டன. மேல்நோக்கிச் சிதறும் விளக்கொளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டு வானத்தையே வெளுக்க வைக்கிறது. நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. ஒளி, மஞ்சள் ஒளியைவிட அதிகமாகச் சிதறும்.

இதற்காக மலையில் இருப்பவர்களை விளக்கில்லாமல் இருக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. கல்வராயனில் ஜாகீர் ஆட்சி 1976இல்தான் முடிந்தது. சாலையும் மின்சாரமும் நமக்குக் கிடைத்த காலத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கே எரியும் தெருவிளக்கு பாம்புக்கும் பள்ளத்துக்கும் பயந்து நடக்கும் மக்களுக்கு அவசியம். மலை வானத்தை வெளுக்க வைப்பதில் பெரும்பங்கு கீழே உள்ள நம் ஊர்களுடையது.

வழி இருக்கிறது என்பதற்கு லடாக்கின் ஹன்லே சாட்சி. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நம் நாட்டின் தொலைநோக்கிகள் இருக்கும் அந்தப் பகுதியை 2022இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே ஊரை இருட்டாக்கவில்லை. விளக்குக்கு மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினார்கள், ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். கிராமத்து இளைஞர்களுக்குத் தொலைநோக்கி தந்து பயிற்சி அளித்தார்கள். வானம் பார்க்க வரும் பயணிகளால் அவர்களுக்கு வருமானமும் கிடைக்கிறது.

நம் குடியிருப்பில் இதைச் சிறிய அளவில் செய்யலாம். அடுத்த பொதுக்குழுவின் பரிசீலனைக்கு மூன்று யோசனைகள்:

1. மொட்டை மாடியிலும் சுற்றுச்சுவரிலும் மேல்நோக்கி எரியும் விளக்குகளுக்கு மூடி போட்டு, ஒளியைத் தரைக்குத் திருப்புவது. வெளிச்சம் நமக்குக் குறையாது. வீணாவதுதான் குறையும்.

2. இனிமேல் பழுதாகும் வெள்ளை விளக்குகளை மாற்றும்போது மஞ்சள் நிற எல்.இ.டி. போடுவது. தோட்ட விளக்குகளுக்கு இரவு 10 மணிக்கு அணையும் டைமர் வைப்பது.

3. தை அமாவாசை இரவு 8.30 முதல் 9.30 வரை மாடி, தோட்டம், அலங்கார விளக்குகளை மட்டும் அணைத்து, விருப்பமுள்ளவர்கள் மாடியில் கூடுவது. வாசல், படிக்கட்டு, லிஃப்ட், வாகன நிறுத்த விளக்குகள் வழக்கம்போல் எரியட்டும். பெரியவர்களின் பாதுகாப்பும் செக்யூரிட்டி ஊழியரின் வேலையும் பாதிக்கக் கூடாது.

நம் ஒரு கட்டட விளக்கை அணைத்தால் மாடியில் பால்வெளி தெரிந்துவிடாது. திருவாதிரையும் ரோகிணியும் தெளிவாகத் தெரியும், கார்த்திகைக் கொத்தை எண்ணிப் பார்க்கலாம். அதில் ஆசை வந்த குடும்பங்கள் பங்குனியில் ஒன்றாக வெள்ளிமலைக்குப் போய் வரலாம். வர விரும்புபவர்கள் தங்கள் வீட்டு எண்ணையும் பிறந்த நட்சத்திரத்தையும் சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். யார் நட்சத்திரம் எந்த நேரத்தில் எந்தத் திசையில் தெரியும் என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்துத் தருகிறோம்.